யாருக்காகப் போடப்படுகிறது மேடை? கொழும்புத் தமிழ்மொழிப் பாடசாலைகளில் இணைப்பாடவிதானச் செயற்பாடுகள்

1. கேள்வி

இணைப்பாடவிதானச் செயற்பாடுகள் மாணவருக்கு வேண்டாம் என்று இலங்கையில் வெளிப்படையாகச் சொல்பவர் எவருமில்லை. பரிசளிப்பு விழாவில் வாசிக்கப்படும் அதிபர் அறிக்கையும் வலயக் கல்விப் பணிப்பாளரின் வாழ்த்துச் செய்தியும் ஆளுமை விருத்தி, தலைமைத்துவம், ஒழுக்கம் என்ற சொற்கள் இல்லாமல் முடிவதில்லை. ஆனால் பிள்ளை தரம் 10 இற்கு வந்ததும் நடன வகுப்பு நிற்கிறது, சாரணர் சீருடை அலுமாரிக்குள் போகிறது, மாலை நேரம் முழுவதும் பிரத்தியேக வகுப்புகளுக்கு ஒதுக்கப்படுகிறது. விழாவில் கைதட்டிய அதே பெற்றோர்தான் இதைச் செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பரீட்சைப் பெறுபேற்றைத் தவிர வேறெதையும் கணக்கில் எடுக்காத ஒரு ஏற்பாட்டில் அவர்கள் நியாயமாகவே நடந்துகொள்கிறார்கள்.

ஆகவே இச்செயற்பாடுகள் நல்லவையா என்று பொதுப்படக் கேட்பதில் பயனில்லை. மூன்று கேள்விகளைத் தனித்தனியே எழுப்ப வேண்டும்: இவற்றால் உண்மையில் விளையும் பயன் எது? அது எந்தப் பிள்ளைக்கு அதிகம்? அந்தப் பிள்ளைக்கு இவை கிடைக்கின்றனவா? மூன்றாவது கேள்விக்கான விடை கொழும்பில் மனதுக்கு உவப்பானதாக இல்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்குக் கிருலப்பனையை ஒரு நோக்குநிலையாகக் கொள்கிறேன். கிருலப்பனையைக் கடந்து வரும் கால்வாய்தான் வெள்ளவத்தையில் கடலில் விழுகிறது. இரண்டுக்கும் இடையில் பெரிய தூரமில்லை. ஒருபுறம் காலி வீதியை ஒட்டிய தமிழ் மத்தியதர வர்க்கத்தின் அடுக்குமாடிகள், மண்டபங்கள், வகுப்புகள். மறுபுறம் ஹைலெவல் வீதியையும் சந்தையையும் கால்வாய்க்கரையையும் சுற்றி மூவின மக்களும் நெருங்கி வாழும் குடியிருப்புகள். இரண்டு இடத்துப் பிள்ளைகளும் ஒரே பாடத்திட்டத்தைப் படித்து ஒரே பரீட்சையை எழுதுகிறார்கள். பிற்பகல் 1.30 மணிக்குப் பாடசாலை விட்ட பிறகு தொடங்கும் கல்விதான் வெவ்வேறாக இருக்கிறது.

2. வந்த வழி

இலங்கைப் பாடசாலைகளில் வகுப்பறைக்கு வெளியேயான பயிற்சி குடியேற்றக் காலத்து ஆங்கிலப் பாடசாலைகளின் வழியே வந்தது. றோயல் கல்லூரியில் 1881 இல் மாணவர் படையணி தொடங்கியது. றோயல், சென். தோமஸ் கல்லூரிகளுக்கிடையிலான கிரிக்கெட் போட்டியும் ஏறத்தாழ அதே காலத்தது. சாரணியம் 1912 இல் மாத்தளையில் காலூன்றியது. ஆளும் வர்க்கத்துக்குத் துணைநிற்கும் கனவான்களை உருவாக்குவதே இவற்றின் முதல் நோக்கம். இல்ல விளையாட்டுப் போட்டி, மாணவத் தலைவர், வினோதவுடை என்று இன்று கிராமத்துப் பாடசாலை வரை பரவியுள்ள வடிவங்களும் அங்கிருந்து இறங்கியவையே.

வடிவம் மேலிருந்து வந்தாலும் பயன் அங்கேயே நின்றுவிடவில்லை. கல்வி அமைச்சராக இருந்த சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா 1940களில் பரப்பிய மத்திய கல்லூரிகள் விடுதி, மைதானம், மேடை ஆகியவற்றை நகருக்கு வெளியே கொண்டுசென்றன. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இதன் விளைவைத் தமிழ் அரங்கின் வரலாற்றில் காணலாம். வந்தாறுமூலை மத்திய கல்லூரியில் படித்து, பள்ளி நாட்களிலேயே கூத்தாடிய சி. மௌனகுரு, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964 இல் மேடையேற்றிய ‘இராவணேச’னில் இராவணனாக ஆடினார். ஈழத்துக் கூத்தின் மீளெழுச்சி என்று நாம் கொண்டாடும் அந்த நிகழ்வு, ஒரு கிராமப்புறப் பாடசாலை மேடைக்கும் ஒரு பல்கலைக்கழக மாணவர் மன்றத்துக்கும் கடன்பட்டது. இரண்டுமே பாடநேரத்துக்கு வெளியே நடந்தவை.

கொழும்பில் பாடசாலையைச் சாராத வாசல் ஒன்றும் இருந்தது. இலங்கை வானொலியின் ‘சிறுவர் மலர்’ எந்தப் பாடசாலைப் பிள்ளையையும் ஒலிவாங்கியின் முன் நிறுத்தியது. அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீத் போன்றவர்கள் அந்த வழியாக வந்தவர்களே. வீட்டில் வசதி இருக்கிறதா என்று அந்த வாசல் கேட்கவில்லை, குரலை மட்டுமே கேட்டது. இன்று அப்படி எத்தனை வாசல்கள் திறந்திருக்கின்றன என்பதைப் பின்னர் பார்ப்போம்.

3. பரீட்சைக்கு உதவுமா?

இச்செயற்பாடுகளுக்காக வாதிடுவோர் வழக்கமாகச் சொல்லும் முதல் காரணம், இவை படிப்பையும் கூர்மையாக்கும் என்பது. வீணை கற்றால் கணிதம் வரும், விவாதம் செய்தால் ஞாபகம் வளரும் என்பன போன்ற உறுதிமொழிகள். இதற்குச் சான்று இருக்கிறதா?

கனடாவில் கிளென் ஷெலன்பர்க் 2004 இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடயத்தில் பலரும் எடுத்துக்காட்டுவது. ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்து, ஒரு குழுவுக்கு விசைப்பலகை இசையும் இன்னொன்றுக்கு வாய்ப்பாட்டும் மூன்றாவதற்கு நாடகமும் ஓராண்டு கற்பித்தார். நான்காவது குழு ஒன்றும் கற்கவில்லை. எல்லாக் குழுக்களிலும் நுண்ணறிவுப் புள்ளி உயர்ந்தது. இசை கற்றவர்களிடம் சராசரியாக ஏழு புள்ளிகள் கூடின, ஏனையோரிடம் நான்கிற்குச் சற்று மேல். வேறுபாடு உண்மையானது, ஆனால் சிறியது. பின்னர் ஜொவானி சாலாவும் பெர்னான்ட் கோபேயும் 54 ஆய்வுகளை, மொத்தம் 6,984 பிள்ளைகளை உள்ளடக்கி, 2020 இல் தொகுத்துப் பார்த்தபோது, ஆய்வு முறை எவ்வளவு கண்டிப்பாக இருந்ததோ அவ்வளவுக்கு இசைப்பயிற்சியின் அறிவுசார் பயன் குறைந்து, இறுதியில் இல்லை என்ற நிலைக்கே வந்தது.

ஷெலன்பர்க்கின் ஆய்வில் நாடகக் குழுவைப் பற்றிய முடிவு அதிகம் பேசப்படுவதில்லை. நாடகம் கற்ற பிள்ளைகளின் நுண்ணறிவுப் புள்ளி, ஒன்றும் கற்காத குழுவைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக உயரவில்லை. ஆனால் பிறரோடு பழகும் பாங்கு மேம்பட்டது, இசைக் குழுக்களில் அது காணப்படவில்லை. நாடகம் நாடகத்துக்குரியதைத் தந்தது. இதை ஏமாற்றமாக ஏன் கருத வேண்டும்? கணிதப் புள்ளி உயர்வதற்காக ஒருவர் நாடகம் நடிக்க வேண்டியதில்லை. கணிதம் படித்தால் போதும்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. மாணவத் தலைவர்களும் விவாத அணியினரும் நல்ல பெறுபேறு பெறுகிறார்கள் என்பது எல்லாப் பாடசாலைகளிலும் காணக்கூடியதே. ஆனால் அவர்கள் ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்கள், வீட்டில் ஆதரவு உள்ளவர்கள் என்பதாலேயே அப்பொறுப்புகளுக்குத் தெரிவு செய்யப்படுகிறார்கள். விளைவையும் காரணத்தையும் பிரிக்காத எந்தப் புள்ளிவிபரமும் எதையும் நிறுவாது. அமெரிக்காவில் ஜாக்குலின் எக்கிள்ஸ், பொனி பார்பர் இருவரும் 1999 இல் வெளியிட்ட ஆய்வு, எல்லாச் செயற்பாடுகளும் ஒரே விளைவைத் தருவதில்லை என்றும் காட்டியது. அணி விளையாட்டில் இருந்த மாணவருக்குப் பாடசாலைமீது பற்று கூடியிருந்தது, மதுப் பழக்கமும் கூடியிருந்தது. ஒழுக்கம் வளரும் என்று மேடையில் அடித்துச் சொல்வதற்கு முன் இதை நினைவில் கொள்வது நல்லது.

பரீட்சைப் புள்ளி என்ற தராசில் இச்செயற்பாடுகளை நிறுத்த முயல்வதைக் கைவிட வேண்டும் என்றே எண்ணுகிறேன். அந்தத் தராசில் இவை என்றும் பிரத்தியேக வகுப்பிடம் தோற்கும். தோற்ற பின் பெற்றோர் எடுக்கும் முடிவையும் நாம் அறிவோம்.

4. பாடசாலையில் நிலைத்திருத்தல்

சான்று வலுவாக இருக்கும் இடம் வேறு. ஜோசப் மஹோனி, ரொபர்ட் கெயார்ன்ஸ் இருவரும் 392 மாணவரைத் தரம் 7 முதல் தரம் 12 வரை பின்தொடர்ந்து 1997 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செயற்பாடுகளில் சேர்ந்திருந்த மாணவர் பாடசாலையை விட்டு இடைவிலகுவது குறைவாக இருந்தது. இந்தக் குறைவு எல்லாரிடமும் ஒரே அளவில் இல்லை. நன்றாகப் படிப்போரிடத்தில் சேர்ந்தவர்க்கும் சேராதவர்க்கும் பெரிய வேறுபாடில்லை, அவர்கள் எப்படியும் படித்து முடிப்பவர்கள். இடைவிலகும் ஆபத்தில் இருந்த பிள்ளைகளிடமே வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. அதாவது, யார் பாடசாலையோடு மிகக் குறைந்த பிணைப்பு உள்ளவரோ அவருக்கே இச்செயற்பாடுகளின் பயன் மிக அதிகம்.

இலங்கையில் கட்டாயக் கல்வி வயதின் மேல் எல்லை 2016 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. சட்டம் பிள்ளையின் பெயரை இடாப்பில் வைத்திருக்கும். பிள்ளை வகுப்புக்கு வருவதற்குச் சட்டம் மட்டும் போதாது. பாடத்தில் பின்தங்கிய பதின்மூன்று வயதுப் பையனுக்கு நாளின் எட்டுப் பாடவேளைகளும் தனக்குத் தெரியாததை நினைவூட்டும் வேளைகளே. அவனுக்குப் பாடசாலையில் ஏதோ ஓர் இடத்தில் மதிப்பு இருக்க வேண்டும். பறை அடிப்பவனாக, மேடைக்குத் திரை இழுப்பவனாக, உதைபந்தாட்ட அணியின் காப்பாளனாக இருக்கும் இடமே அது. வியாழக்கிழமை பயிற்சிக்கு அவன் வராவிட்டால் மற்றவர்கள் தேடுவார்கள் என்பதே அவனைப் புதன்கிழமை வகுப்பிலும் இருத்துகிறது.

2020 இலிருந்து பெருந்தொற்றும், 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடும் கொழும்புப் பாடசாலைகளை நீண்ட காலம் மூடிவைத்தன. திறந்த பின் விடுபட்ட பாடங்களை முடிப்பதே முதற்கடமையாகக் கொள்ளப்பட்டது. அது இயல்பே. ஆயினும் பாடசாலையோடு அறுந்துபோன உறவைத் திரும்பக் கட்டும் வேலையைப் பாடக்குறிப்புகளால் செய்ய முடியாது.

5. சிறிய பாடசாலையின் கணக்கு

இவ்விடயத்தில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வு அறுபது ஆண்டுகள் பழையது. ரோஜர் பார்க்கர், போல் கம்ப் இருவரும் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 13 உயர்நிலைப் பாடசாலைகளை ஆராய்ந்து 1964 இல் ‘பெரிய பாடசாலை, சிறிய பாடசாலை’ என்ற பொருளில் ஒரு நூல் எழுதினார்கள். மிகச் சிறிய பாடசாலையில் 35 மாணவர், மிகப் பெரியதில் 2,287 பேர். பெரிய பாடசாலையில் மன்றங்களும் நிகழ்ச்சிகளும் அதிகம் என்பது எதிர்பார்த்ததே. ஆனால் ஒரு மாணவர் சராசரியாக எத்தனை பொறுப்புகளை ஏற்றார் என்று எண்ணியபோது சிறிய பாடசாலை முந்தியது. அங்கே நடிக்கவும் நடத்தவும் ஆள் போதாது, அதனால் எல்லாரும் வேண்டியிருந்தது. எட்வின் வில்லம்ஸ் 1967 இல் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து இன்னொன்றையும் கண்டார். படிப்பிலும் குடும்ப நிலையிலும் பின்தங்கிய மாணவர், சிறிய பாடசாலையில் தாம் பங்கெடுக்க வேண்டும் என்ற கடப்பாட்டை மற்றவர்களைப் போலவே உணர்ந்தனர். பெரிய பாடசாலையில் அப்படிப்பட்டவர்களிடம் அந்த உணர்வு மிகக் குறைவாக இருந்தது. அவர்களை எவரும் தேடவில்லை.

நம் நிலைக்கு இதை ஓர் எடுத்துக்காட்டால் பொருத்திப் பார்க்கலாம். வலைப்பந்தாட்ட அணிக்கு ஏழு பேர். ஒரு வயதுப் பிரிவில் 350 மாணவியர் உள்ள பாடசாலையில் 50 பேருக்கு ஒருவருக்கே இடம் உண்டு. 21 மாணவியர் உள்ள பாடசாலையில் மூவருக்கு ஒருவர். முதலாவது பாடசாலை கிண்ணம் வெல்லும். இரண்டாவது பாடசாலையில், உயரம் குறைந்த, ஓட்டத்தில் பின்தங்கிய, இதுவரை எந்த அணியிலும் சேராத ஒரு சிறுமி அணியில் நிற்பாள், ஏனெனில் அவள் இல்லாமல் அணி நிறையாது. பயன் யாருக்கு அதிகம் என்ற முன்பகுதியின் விடையோடு இதைச் சேர்த்துப் பாருங்கள்.

கொழும்பில் பெற்றோர் தவிர்க்க நினைக்கும் சிறிய தமிழ்மொழிப் பாடசாலைகள், இந்த ஒரு விடயத்தில், பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள பெரிய கல்லூரிகளைவிட இயல்பாகவே வாய்ப்பான நிலையில் உள்ளன. அந்த வாய்ப்பு ஏன் வீணாகிறது என்பதே கேட்க வேண்டியது. உயர்தர வகுப்பு இல்லாத, சங்கீதத்துக்கோ விளையாட்டுக்கோ தனி ஆசிரியர் இல்லாத, சொந்த மைதானம் இல்லாத பாடசாலைக்கு ஆட்களின் தேவை இருக்கிறது, நடத்துவதற்கு நிகழ்ச்சி இல்லை. கிருலப்பனையில் லலித் அத்துலத்முதலி மைதானம் போன்ற பொது மைதானம் இருக்கிறது. ஆனால் பொது மைதானத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஓர் ஆசிரியர் 1.30 இற்குப் பின்னும் நிற்க வேண்டும்.

6. யாருக்குக் கிடைக்கிறது?

வெள்ளவத்தைப் பிள்ளை ஒன்றின் வாரத்தை எண்ணிப் பார்ப்போம். சனிக்கிழமை வீணையோ மிருதங்கமோ பரதமோ. அதற்கு வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள், அவற்றின் இறுதியில் கலாவித்தகர் பட்டம். வசதி இருந்தால் இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலோ பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்திலோ அரங்கேற்றம். 1902 இலிருந்து இயங்கும் கொழும்பு விவேகானந்த சபையின் சைவசமயப் பரீட்சை. 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் போட்டிகள். கம்பன் கழகத்தின் பேச்சுப் போட்டி. இவற்றை நடத்தும் நிறுவனங்கள் பல தலைமுறைகளாகத் தன்னலமின்றிச் செய்துவரும் பணி பெரிது. போர்க்காலத்திலும் கொழும்பில் தமிழ் மேடை இருந்ததற்கு அவர்களே காரணம். ஆனால் பிள்ளையைக் கூட்டிச்செல்ல ஒரு பெற்றோருக்கு ஓய்வு வேண்டும், ஓட்டோவுக்குக் காசு வேண்டும், இப்படி ஒரு போட்டி நடக்கிறது என்ற செய்தி முதலில் வீட்டுக்கு எட்ட வேண்டும். வேலைக்குப் போன தாய் மாலையில் திரும்பும்வரை தம்பி தங்கையைப் பார்க்கும் பிள்ளைக்கு இம்மூன்றும் இல்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் அனெட் லரோ 2003 இல் வெளியிட்ட நூலில், மத்தியதரப் பெற்றோர் பிள்ளையின் ஒவ்வொரு மாலையையும் திட்டமிட்டு வளர்ப்பதும் உழைக்கும் வர்க்கப் பெற்றோர் பிள்ளையைத் தானாக வளர விடுவதும் பின்னர் எவ்வாறு சமத்துவமின்மையாக மாறுகின்றன என்று காட்டினார். இலங்கையில் இந்த மாற்றம் நடக்கும் வழி சுற்றறிக்கையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அரச பாடசாலைகளில் தரம் 1 அனுமதிக்கு நீண்டகாலமாகப் பின்பற்றப்படும் முறையில் 25 சதவீத இடங்கள் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு உரியவை. அந்தப் பிரிவில் புள்ளி வழங்கும்போது, பெற்றோர் அப்பாடசாலையில் படித்த காலத்தில் பெற்ற இணைப்பாடவிதானச் சாதனைகளும் எண்ணப்படுகின்றன. தந்தை 1990களில் வென்ற சான்றிதழ் மகனின் அனுமதிக்குப் புள்ளியாகிறது. ஐந்து வயதுப் பிள்ளை செய்யாத ஒன்றுக்கு இன்னொரு ஐந்து வயதுப் பிள்ளை இடமிழக்கிறது. பெரிய பாடசாலைகளில் செயற்பாடுகளுக்கான போட்டி ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்: சான்றிதழ் குடும்பச் சொத்தாகிவிட்டது.

அகில இலங்கைத் தமிழ்மொழித்தினப் போட்டியையும் இங்கே பேச வேண்டும். பாவோதல், பேச்சு, எழுத்தாக்கம், வில்லுப்பாட்டு, நாட்டுக்கூத்து, விவாதம் என்று நாட்டின் தமிழ்மொழிப் பாடசாலைகள் அனைத்தையும் ஒரே ஒழுங்கில் இணைக்கும் பெருநிகழ்வு அது. அதன் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் வலயம், மாகாணம், தேசியம் என்று ஏறும் ஒவ்வொரு படியும் பெரும்பாலானோரைக் கழிக்கும் படி. பரிசை நோக்கும் பாடசாலை, கடந்த ஆண்டு வென்ற பிள்ளையையே இந்த ஆண்டும் அனுப்பும். பேச்சை ஆசிரியரோ பெற்றோரோ எழுதிக் கொடுக்க, பிள்ளை ஏற்ற இறக்கத்தோடு ஒப்புவிக்கும் வழக்கம் நடுவர்கள் எல்லாரும் அறிந்தது. வெற்றி பெறுவது சில வேளை வீட்டின் நூலகம். வில்லுப்பாட்டும் கூத்தும் வேறு: அங்கே பக்கப்பாட்டுக்கும் தாளத்துக்கும் பலர் வேண்டும், மேடையில் சொந்தமாக ஒன்றும் பேசாத பிள்ளையும் குழுவுக்குத் தேவை. தனிப்போட்டிகளைவிடக் குழு நிகழ்ச்சிகள் கூடுதலாகக் கொண்டாடப்பட வேண்டும் என்று கருதுகிறேன்.

7. எதிர்வாதங்கள்

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். ஒன்று, ஏழைப் பிள்ளைக்குப் பரீட்சையே ஏணி, அதன் நேரத்தை நாடகத்துக்கு ஏன் செலவிட வேண்டும் என்பது. இது கனமான மறுப்பு. பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. கொழும்பு மாவட்டத்துப் பிள்ளைக்கு மாவட்ட ஒதுக்கீட்டிலும் போட்டி கடுமை. ஆனால் இந்த மறுப்பு, பிள்ளை உயர்தரம்வரை வந்துசேரும் என்று எடுத்துக்கொள்கிறது. நான் பேசுவது தரம் 8 இலும் 9 இலும் மெல்ல விலகத் தொடங்கும் பிள்ளையைப் பற்றி. ஏணியின் கீழ்ப்படியில் நிற்கவே அதற்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது.

மற்றது, பிள்ளைகள் ஏற்கெனவே களைத்திருக்கிறார்கள் என்பது. மஹோனியும் சக ஆய்வாளரும் 2006 இல் இந்த அச்சத்தை ஆராய்ந்து, அளவுக்கு மீறிய செயற்பாட்டில் சிக்கியோர் சிலரே, ஒன்றிலும் சேராதவர்களே அதிகமாகப் பின்தங்குகிறார்கள் என்று முடிவு கண்டனர். அது அமெரிக்க நிலை. வெள்ளவத்தையில் பிரத்தியேக வகுப்புகளையும் சேர்த்தால் களைப்பு உண்மையே. கிருலப்பனையில் வெறுமையான மாலைகளே கூடுதல் கவலை.

8. எங்கிருந்து தொடங்குவது

செலவில்லாத மாற்றம் ஒன்று உடனே சாத்தியம்: தரம் 1 அனுமதியில் பெற்றோரின் பழைய சாதனைகளுக்குப் புள்ளி வழங்குவதை நிறுத்துவது. செலவுள்ள மாற்றம், 1.30 இற்குப் பின் நிற்கும் ஆசிரியருக்குக் கொடுப்பனவும் பிள்ளைக்கு ஒரு வேளை உணவும். பசியோடு எந்தப் பிள்ளையும் மூன்று மணிவரை ஒத்திகை பார்க்காது. அருகருகே உள்ள சிறிய பாடசாலைகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரு சங்கீத ஆசிரியரையும் ஒரு விளையாட்டு ஆசிரியரையும் பகிர்ந்துகொள்ள வலயம் வழிசெய்யலாம். தமிழ்ச் சங்கமும் விவேகானந்த சபையும் தம் மண்டபத்தில் நடத்தும் போட்டிகளில் சிலவற்றை இப்பாடசாலைகளின் வளவுக்கே கொண்டுவரலாம்.

ஆய்வாளர் செய்யக்கூடியது இன்னும் எளிது. வரவு இடாப்பும் செயற்பாட்டுப் பதிவேடும் அதிபர் அலுவலகத்தில் ஒரே அலுமாரியில்தான் இருக்கின்றன. பரிசளிப்பு அறிக்கை வெற்றிகளை எண்ணுகிறது. அதற்குப் பதிலாக, ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு செயற்பாட்டில் ஒரு தடவையாவது பெயர் பதிவான வெவ்வேறு பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். பிறகு, வரவு குறையத் தொடங்கிய தரம் 8, 9 மாணவரின் பெயர்களை எடுத்து, அவை பதிவேட்டில் எங்காவது இருக்கின்றனவா என்று தேட வேண்டும். கொழும்பு வலயத்தில் பெரிய பாடசாலை ஒன்றிலும் சிறிய பாடசாலை ஒன்றிலும் இதை ஒரு தவணை செய்து பார்க்க இரண்டு ஆசிரியர்களும் ஓர் அப்பியாசக் கொப்பியும் போதும்.